கூற்று யாருடையது?

குறுந்தொகையின் எட்டாம் பாட்டு ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுகிறவள் பரத்தை. தலைவி தன்னைப் பற்றிப் புறம் பேசினாள் என்ற செய்தி அவள் காதுக்கு வந்திருக்கிறது. நேரே போய்ச் சண்டை பிடிக்காமல், தலைவிக்கு வேண்டியவர்கள் பக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்து, அவர்கள் காதில் விழட்டும் என்றே தலைவனை ஏசுகிறாள். அவனுக்கு இவள் வீட்டில் ஒரு பேச்சு, மனைவி வீட்டில் வேறோர் ஆட்டம். பாட்டு ஆறே அடிதான். அதற்குள் மூன்று பேருடைய வாழ்க்கை சிக்கிக் கிடக்கிறது. தலைவி என்ன சொன்னாள் என்பது நமக்குக் கடைசிவரை தெரியாது. தலைவன் வாயே திறக்கவில்லை. அந்த ஒருத்தியின் சூட்டிலிருந்துதான் மற்ற இருவரையும் நாம் உருவாக்கிக்கொள்கிறோம்.

ஒரே நிகழ்வைப் பலர் கண்ணால் சொல்லும் கதை என்றதும் நம் வகுப்பறைகள் முதலில் ஃபாக்னரையும் அகுதாகவாவையும் நினைக்கின்றன. அவர்கள் பெரிய எழுத்தாளர்கள், நினைக்க வேண்டியதுதான். ஆனால் இந்தக் கலைக்கு இலக்கணமே எழுதி வைத்த மொழி நம்முடையது என்பதை மறந்துவிட்டு இன்றைய தமிழ் நாவலைப் படிப்பது எனக்குப் பெரும் இழப்பாகவே படுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் களவில் பேச உரியவர் அறுவர் என்கிறது: பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி. கற்புக்கு வந்ததும் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகிய அறுவர் சேர்ந்துகொள்கிறார்கள். திருமணமான பின்புதான் உறவுக்குள் பேசுவோர் தொகை இரட்டிப்பாகிறது என்பதை இலக்கணம் எவ்வளவு இயல்பாகக் கண்டுகொண்டிருக்கிறது!

அதைவிட நுட்பமானது அடுத்து வரும் விலக்கு. ஊரார், அயலார், சேரியார், நோயின் காரணம் அறிந்தவர், தந்தை, தமையன் ஆகியோருக்கு நேர்க்கூற்று கிடையாது. அவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவே. உறவை அழுத்துகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுடைய நாவை இலக்கணம் கட்டிவிடுகிறது. ஊர் தூற்றும் அலரை ஊரின் வாயால் நாம் கேட்பதில்லை. அதைச் சுமக்கிறவளின் வாயால்தான் கேட்கிறோம். அலர் என்ன செய்யும் என்பது அங்கேதானே தெரியும்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலை இந்த விலக்கை மனத்தில் வைத்துப் படித்தபோது அதன் கட்டமைப்பு எனக்குப் புதிதாக விளங்கியது. காளி, பொன்னா. மணமாகிப் பன்னிரண்டு ஆண்டு, குழந்தை இல்லை. ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கும் தம்பதி. கதை காளியின் மனத்துக்கும் பொன்னாவின் மனத்துக்கும் இடையே மாறிமாறிப் போகிறது. ஊரோ ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. வரப்பில், விசேஷ வீட்டில், மாடு கட்டும் தொண்டுப்பட்டி வாசலில் வந்து விழும் சொல்லெல்லாம் ஊருடையது. ஆனாலும் ஊருக்கென்று ஒரு மனத்தை நாவல் திறந்து காட்டுவதில்லை. இவர்கள் இருவரின் காதில் தைத்த அளவுக்கே ஊரை நாம் அறிகிறோம்.

தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், குழந்தையில்லாத பெண் முன்பின் அறியாத ஆணோடு கூடிக் கருவுறலாம் என்பது நாவல் காட்டும் வழக்கம். அந்த இரவுக்குப் பொன்னாவை அனுப்பலாம் என்று இரு வீட்டுத் தாய்மாரும் பேசுகிறார்கள். காளி மனைவியிடம் மெல்லக் கேட்டுப் பார்க்கிறான். நீ விரும்பினால் போகிறேன் என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். அவளுக்கு அது கணவன் பொருட்டு எதையும் தாங்குவேன் என்ற அன்பு. அவனுக்கோ, மறுத்திருக்க வேண்டியவள் மறுக்கவில்லையே என்ற வெட்டு. ஒரே வாக்கியம் ஒருத்தி வாயிலிருந்து புறப்பட்டு, பக்கத்தில் படுத்திருப்பவனின் காதுக்குள் வேறு வாக்கியமாகப் போய்ச் சேர்கிறது. நாவலின் அத்தனை துயரமும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்பேன். இளந்தாரிப் பருவத்தில் அந்த இரவுக்குப் போய் வந்தவன் காளி. அங்கே என்ன நடக்கும் என்பதை ஆண் பக்கத்திலிருந்து அறிந்தவன். அவனுடைய அச்சத்துக்கு அந்த அறிவே எண்ணெய் ஊற்றுகிறது.

கடைசியில் காரியத்தை முடிப்பவன் முத்து, பொன்னாவின் அண்ணன், காளியின் உயிர்த்தோழன். காளி சம்மதித்துவிட்டான் என்று தங்கையிடம் பொய் சொல்கிறான். அன்று இரவு காளியைக் குடிக்க வெளியே அழைத்துப்போய்விடுகிறான். இலக்கணம் கூற்று மறுத்த தமையன், இங்கே எல்லாருடைய வாழ்க்கையையும் திருப்பிவிடுகிறான். கெட்டவன் என்று அவனைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. தங்கைக்கு நல்லது செய்வதாக நம்பித்தான் செய்கிறான். இத்தகைய உறவுகளில் கேடு பெரும்பாலும் அன்பின் கையால்தான் வருகிறது.

வேறு நாட்டுச் சான்று ஒன்றையும் இங்கே வைக்க வேண்டும். தென்கொரியாவின் ஹான் காங் எழுதிய, தமிழில் ‘மரக்கறி’ என்று வந்திருக்கும் நாவல் (2007) மூன்று பகுதிகளால் ஆனது. இறைச்சி உண்பதை விட்டுவிட்ட யோங்ஹே என்ற பெண்ணை முதலில் அவள் கணவன் சொல்கிறான். அடுத்த பகுதி அவள்மேல் ஆசை கொண்ட அக்காள் கணவனின் பார்வையில் நகர்கிறது. மூன்றாவதில், எல்லாவற்றையும் இழந்த பிறகும் மருத்துவமனைக்கு வந்து தங்கையைப் பார்க்கிற அக்காள். மையத்தில் இருப்பவளுக்குச் சில கனவுத் துணுக்குகளைத் தவிர கூற்றே இல்லை. வாயைத் திறந்து இறைச்சியைத் திணிக்க முயலும் தந்தையும் உண்டு, அவருக்கும் கூற்று இல்லை. பார்வை பெற்ற மூவரில் அக்காள் மட்டும், உடன்போன மகளைத் தேடிச் செல்லும் நம் செவிலியைப் போல, பின்னால் நடந்து போகிறவளாக எனக்குத் தெரிகிறாள். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) வேறு வழியில் இதே இடத்தைத் தொட்டது. அலங்காரத்தம்மாளை மகன் அப்புவின் கண்ணால் பார்க்கிறோம், அவள் மனத்துக்குள் நமக்கு இடமில்லை. அப்படி மூடி வைத்ததால்தான் அவள் இத்தனை பெரியவளாக நிற்கிறாள் என்பது என் துணிபு.

அகத்திணைக்கு இன்னொரு கட்டும் உண்டு. அகத்தில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது. நெடுநல்வாடையில் வேம்பு சூட்டிய வேல் வருகிறது. அது பாண்டியனைக் காட்டிவிடுவதால் அப்பாட்டைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். ‘மாதொருபாகன்’ ஊர்ப்பெயரோடு எழுதப்பட்டது. 2014 இறுதியில் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதம் எழுத்தாளர் எழுத்தையே துறப்பதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு வீட்டின் அகம், பெயர் பட்டதும் ஊரின் புறமாயிற்று. நாவலுக்குள் கூற்றுப் பெறாத ஊர், வெளியே எழுந்து பேசியது. அந்த நாட்களில் ஓர் எழுத்தாளர் பட்ட பாட்டை எண்ணினால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நாவலின் முடிவில் காளி பூவரச மரத்தடியில் இருக்கிறான். அதற்குப் பிறகு என்ன என்பதைப் பெருமாள்முருகன் இரண்டு நாவல்களாக எழுதினார். 2014இல் இரண்டும் ஒருசேர வந்தன. ‘ஆலவாயன்’ காளி இறந்துபோன உலகம். ‘அர்த்தநாரி’ காளி பிழைத்திருக்கும் உலகம். பார்வைகளைப் பெருக்கிய நாவல்கள் பல உண்டு. விளைவையே இரண்டாகப் பிளந்து இரண்டுக்கும் சம உயிர் கொடுத்த துணிவு அரிது. முதலாவதில் பெண்கள் சேர்ந்து ஒரு பெண்ணைத் தாங்குகிறார்கள். மாமியார் சீராயி என் மனத்தில் தலைவியைவிட ஆழமாகப் பதிந்தவள். இரண்டாவதில் காளி தொண்டுப்பட்டியிலேயே கிடந்து, பேசாமையை ஆயுதமாக்குகிறான்.

இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படிக்கிறவர் இரண்டு பொன்னாக்களைச் சுமக்க வேண்டியிருக்கிறது. இருவருக்கும் சொல்ல இருப்பது ஒன்றே: நீ சம்மதித்தாய் என்றார்கள், அதனால் போனேன். ஒன்றில் அதைக் கேட்கக் காளி இல்லை. மற்றதில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறான், நெடுநாள் காது கொடுக்கவில்லை.