ஸபாட்டா முகம் பொறித்த துப்பாக்கி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் கோல்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. ‘1911’ என்ற கைத்துப்பாக்கி அதன் நூறாண்டுப் பெருமை. அதன் சிறப்புப் பதிப்பு ஒன்றில் எமிலியானோ ஸபாட்டாவின் உருவத்தைப் பொறித்தார்கள். மெக்சிகோவின் ஏழை விவசாயிகளுக்கு நிலம் கேட்டுப் போராடி, 1919-இல் சதியால் சுட்டுக் கொல்லப்பட்டவர் ஸபாட்டா. மண்டியிட்டு வாழ்வதைவிட நின்றபடி சாவது மேல் என்று அவர் பெயரால் வழங்கும் வாசகமும் அந்தத் துப்பாக்கியில் உண்டு.

அதில் போடும் தோட்டா .38 சூப்பர். மெக்சிகோ சட்டப்படி அந்த ரகம் ராணுவத்துக்கு மட்டுமே உரியது. குடிமக்கள் வைத்திருக்கக் கூடாது. மெக்சிகோ மக்கள் கும்பிடும் தலைவரின் முகத்தை, அவர்கள் சட்டப்படி தொடவே முடியாத ஆயுதத்தில் பொறித்தால், எல்லைக்கு அப்பால் அதற்காக ஏங்கப் போவது யார்? போதைக் கும்பல்கள்தான்.

தொழிற்சாலையிலிருந்து துப்பாக்கி மொத்த வியாபாரிக்குப் போகிறது. அங்கிருந்து டெக்சாஸிலோ அரிசோனாவிலோ உள்ள சில்லறைக் கடைக்கு. இதுவரை எல்லாம் சட்டப்படி, ரசீதோடு. கடைக்கு ஒருவர் வருகிறார். குற்றப் பின்னணி இல்லாதவர். ‘உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?’ என்று படிவம் கேட்கிறது. ‘ஆம்’ என்று குறியிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். பணம் கொடுத்தவர் வேறு ஆள்; இவர் பினாமி. ஐந்து வேலை நாட்களுக்குள் ஒரே ஆளுக்கு இரண்டு கைத்துப்பாக்கி விற்றால் கடைக்காரர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் பினாமிகள் ஆளுக்கொரு கடையாகப் பிரிந்து போகிறார்கள்.

பிறகு கார் கதவின் உள்பக்கத்தில் ஒன்று, ஸ்டெப்னிக்குள் இரண்டு என்று துப்பாக்கிகள் எல்லையைத் தாண்டுகின்றன. தங்கம் கொண்டுவருபவர்களை நம்மூரில் குருவி என்பதுபோல, இதை மெக்சிகோவில் எறும்புக் கடத்தல் என்கிறார்கள். வடக்கே போகும் வண்டிகளைக் குடைந்து சோதிக்கும் எல்லை, தெற்கே போகும் வண்டிகளைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

2017 மார்ச் 23. மெக்சிகோவின் சிவாவா நகரில் மிரோஸ்லாவா பிரீச் என்ற பத்திரிகையாளர், மகனைப் பள்ளிக்கு அழைத்துப்போக வீட்டு வாசலில் காரில் காத்திருந்தார். மலைப்பகுதி ஊர்களில் மேயர் வேட்பாளர்களைப் போதைக் கும்பல்களே நிறுத்துவதைப் பெயர் சொல்லி எழுதியவர். எட்டுக் குண்டுகள் பாய்ந்தன. அவர் எழுதிவந்த ‘நோர்த்தே’ நாளிதழ், பத்திரிகையாளர்களுக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லி அடுத்த மாதமே அச்சை நிறுத்தியது. கொலையை ஏற்பாடு செய்தவனுக்கு 2020-இல் 50 ஆண்டுச் சிறை கிடைத்தது. கொலைக்குப் பயன்பட்டது கோல்ட்டின் ஸபாட்டா பதிப்பு என்கிறது மெக்சிகோ அரசு, பாஸ்டன் நீதிமன்றத்தில் 2021 ஆகஸ்டில் தாக்கல் செய்த மனுவில்.

குற்றத்தில் பிடிபட்ட துப்பாக்கி வந்த வழியே திரும்பிப் பயணிப்பதும் உண்டு, எண்ணாக. அதன் வரிசை எண் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தடமறியும் மையத்துக்குப் போகும். யார் எந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று மத்தியப் பதிவேடு வைக்க அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் மையம் முதலில் கேட்பது தயாரிப்பாளரை: இந்த எண்ணை யாருக்கு அனுப்பினீர்கள்? அடுத்து மொத்த வியாபாரி, பிறகு கடை, கடைசியில் பினாமி கையெழுத்திட்ட படிவம். தன் சரக்கு குற்றத்தில் சிக்கியது என்ற சேதி முதலில் வந்து சேரும் இடமே தொழிற்சாலைதான். எங்களுக்கு என்ன தெரியும் என்று அவர்கள் கைவிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெக்சிகோ ஏழு தயாரிப்பாளர்கள் மீதும் ஒரு மொத்த வியாபாரி மீதும் வழக்குப் போட்டது. குறுக்கே நின்றது 2005-இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம்: துப்பாக்கியைக் கொண்டு பிறர் செய்த குற்றத்துக்கு அதைத் தயாரித்தவர் மீதோ விற்றவர் மீதோ வழக்குத் தொடுக்க முடியாது, சில விலக்குகள் தவிர. 2022-இல் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உயிர் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், வழக்கு நடந்த மாசசூசெட்ஸ் நீதிமன்ற வரம்புக்குள் வரவில்லை என்று கோல்ட் உட்பட ஆறு நிறுவனங்கள் விடுவிக்கப்பட்டன. 2025 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து மெக்சிகோவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். எழுதியவர் நீதிபதி எலினா கேகன். எந்தக் கடை, எந்தக் கள்ள விற்பனை, அதற்குத் தயாரிப்பாளர் எப்படித் துணைபோனார் என்று மனு காட்டவில்லை. கண்டும் காணாமல் இருப்பது உடந்தை ஆகாது என்றார். ஸ்பானியப் பெயரும் படமும் உள்ள துப்பாக்கிகளைச் சட்டத்துக்கு அடங்கிய லட்சக்கணக்கான ஹிஸ்பானிக் அமெரிக்கர்களும் விரும்பலாம் என்றார்.

விரும்பலாம், மறுக்கவில்லை. சட்டத்தின் எழுத்துப்படி தீர்ப்பும் தப்பில்லாமல் இருக்கலாம். அப்படியானால் தப்பு அந்தச் சட்டத்தில் இருக்கிறது. தயாரிப்பாளரால் எதுவும் செய்ய முடியாது என்பது பொய். 2000 மார்ச்சில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் என்ற துப்பாக்கித் தயாரிப்பு நிறுவனமே கிளின்டன் அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. தன் துப்பாக்கியை விற்கும் கடைகள் கட்டுப்பாடுகளுக்கு உட்பட வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. துப்பாக்கி ஆதரவாளர்கள் புறக்கணித்தார்கள், விற்பனை சரிந்தது, ஒப்பந்தம் செத்தது. முடியாமல் போகவில்லை, நஷ்டத்துக்குப் பயந்து கைவிட்டார்கள்.

நல்லது செய்த நிறுவனம் நஷ்டப்படுவதும் செய்யாத நிறுவனம் சட்டத்தின் நிழலில் இருப்பதும் மாற வேண்டுமானால், அமெரிக்க காங்கிரஸ் 2005 சட்டத்தை நீக்க வேண்டும். தன் சரக்கு திரும்பத் திரும்பக் கொலைக் களத்தில் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகும் அதே வழியில் அனுப்புகிற தயாரிப்பாளர், கூண்டில் ஏறிப் பதில் சொல்லத்தான் வேண்டும்.