பதிவேடும் தேர்ச்சியும்



கடைக்கோ காரியாலயத்துக்கோ தொழிற்சாலைக்கோ மின்கம்பி பொருத்துபவர், அத்தொழிலுக்கென அமைந்த சபையொன்றில் தம் பெயரைப் பதிந்திருத்தல் வேண்டுமா? இங்கிலாந்தில் அடிக்கடி எழும் வினா இது. வேண்டும் என்றே பலர் எண்ணுகின்றனர். ஆயினும் அந்நாட்டுச் சட்டம் கேட்பது வேறொன்று. அதனை விளங்கிக்கொள்ள, மின்னொளி அங்கே புதுமையாயிருந்த காலத்திலிருந்து தொடங்குவோம்.

1881ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் சவோய் நாடகசாலை திறக்கப்பட்டது. முழுவதும் மின்னொளி பெற்ற முதற் பொதுக் கட்டடம் அதுவே என்பர். ஏறத்தாழ 1,200 விளக்குகள் அங்கே ஒளிர்ந்தன. வாயு விளக்குக்குப் பழகிய மக்கள் இப்புதுமையை வியந்தனர்; உள்ளூர அஞ்சவும் செய்தனர். அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில், நாடகசாலையின் அதிபர் றிச்சார்ட் டொயிலி கார்ட் மேடையில் தோன்றினார். எரிந்துகொண்டிருந்த விளக்கொன்றை மெல்லிய துணியாற் சுற்றி, சபையோர் முன்னிலையில் உடைத்தார். விளக்கு அணைந்தது, துணியில் தீப்பற்றவில்லை.

விளக்கைப் பற்றிய அச்சம் இவ்வாறு நீங்கிற்று. ஆயின் சுவரிலும் கூரையிலும் மறைந்தோடும் கம்பியை எவரும் மேடையிற் காட்டிவிட முடியாது. கம்பி அளவுக்கு மேற் சுமை தாங்கினாலும், பொருத்து தளர்ந்தாலும் வெப்பம் மூளும், மரம் கருகும். இவ்வபாயத்துக்கு விதி வகுக்க விரைந்தவர்களுள், தீ விபத்துக்கு நட்டஈடு கொடுக்கவேண்டிய காப்புறுதிக் கம்பனியார் முன்னின்றனர். பீனிக்ஸ் தீக்காப்புறுதி நிலையத்தின் பொறியியலாளர் மஸ்கிரேவ் ஹீஃபி 1882இல் விதிகளை எழுதினார். அதே ஆண்டில், தந்திப் பொறியியலாளரும் மின்னியலாளரும் அடங்கிய சங்கமும் தன் விதிகளை வெளியிட்டது. இச்சங்க விதிகளே பதிப்புப் பதிப்பாக வளர்ந்து, 1992இல் பிரித்தானிய நியமம் 7671 என்னும் பெயர் பெற்றன. நமது நாட்டின் மின்கம்பி வேலையும் இம்மரபைத் தழுவியே வளர்ந்தது.

அரசாங்கத்தின் வழி வேறாயிருந்தது. தொழிற்சாலை மின்சாரம் பற்றிய 1908ஆம் ஆண்டுப் பிரமாணங்கள், அபாயத்தைத் தவிர்க்கத் தொழில்நுட்ப அறிவோ அனுபவமோ வேண்டப்படும் வேலையை, அதிகாரம் பெற்றவரோ அவரது நேரடி மேற்பார்வையிலுள்ள தகுதியுடையவரோ மட்டுமே செய்யலாம் என்றன. தொழிலிடங்களுக்கான 1989ஆம் ஆண்டுப் பிரமாணங்களும் இதே கருத்தை மேற்கொண்டன. அறிவும் அனுபவமும் இருத்தல் வேண்டும். இல்லாதவர் தக்க மேற்பார்வையில் வேலை செய்தல் வேண்டும். எந்தச் சபையின் பெயரும் அங்கே குறிக்கப்படவில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1956இல், மின்னிணைப்பு ஒப்பந்தகாரருக்கான தேசிய பரிசோதனைச் சபை தோன்றியது. ஒப்பந்தகாரர் தாமாக விரும்பிச் சேரலாம். அவர்தம் வேலைகளுட் சிலவற்றைச் சபையின் பரிசோதகர் தெரிந்தெடுத்து நேரிற் பார்ப்பர். வேலையின் நன்மை தீமையை அறியமாட்டாத கடைக்காரருக்கு இப்பதிவேடு ஒரு கைவிளக்குப் போலாயிற்று.

பின்னர் 2005இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடுகளுக்கெனக் கட்டட விதியொன்று நடைமுறைக்கு வந்தது. குறித்த சில வேலைகளைச் செய்வோர், அங்கீகாரம் பெற்ற திட்டமொன்றிற் பதிந்தவராயின் தம் வேலைக்குத் தாமே சான்றளிக்கலாம். அல்லாதவர் உள்ளூராட்சி மன்றத்துக்கு முன்னறிவித்தல் வேண்டும் என அது வகுத்தது. பதிவின்றி எந்த மின்வேலையும் கூடாது என்ற எண்ணம் பரவுவதற்கு இவ்விதியும் ஒரு காரணம் எனலாம். உண்மையில் அது குடியிருப்புகளைக் கருதியது. கீழே கடையும் மேலே வீடுமாக, இரண்டும் ஒரே மின்வழங்கலைப் பெறும் கட்டடமாயின் கடையும் அதனுள் அடங்கும். தனித்து நிற்கும் கடைக்கும் தொழிற்சாலைக்கும் 1989ஆம் ஆண்டுப் பிரமாணங்களே ஆணை.

அவ்வாறாயின் பதிவு வீணா? வீணன்று. பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தம் வழங்குமுன் பதிவைக் கேட்பதுண்டு, காப்புறுதியாளரும் கேட்பதுண்டு. சட்டம் கட்டாயப்படுத்தாததை வணிக வழக்கம் கட்டாயமாக்கிவிடுகின்றது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஒப்பந்தகாரர் பதிவேட்டில் இருப்பது நிறுவனத்தின் பெயர். ஏணியின்மேல் நின்று கம்பியை முடுக்குவது ஒரு தொழிலாளியின் கை. அக்கைக்குத் தேர்ச்சியில்லையேல், வாயிற்பலகையிலுள்ள முத்திரை தீயைத் தடுக்கமாட்டாது. தகுதியானவரைத் தேடி அமர்த்தும் பொறுப்பும் தொழிலதிபரை விட்டு நீங்காது.

ஆகவே, வேலைக்கு ஆளமர்த்துபவர் இரண்டு வினாக்களைக் கேட்டல் நன்று. எச்சபையிற் பதிந்துள்ளீர் என்பது ஒன்று. இவ்வேலையைச் செய்யப்போகிறவர் யார், அதனைச் சோதித்துச் சான்றிதழிற் கையொப்பமிடுபவர் யார் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை இல்லாதபோதும் இங்கிலாந்தின் சட்டம் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவதற்கு விடை இல்லையாயின் அது பொறாது, தீயும் பொறாது.