திருக்கோவலூர் வீரட்டமும் கபிலக்கல்லும்

தைத்திங்கள் ஐந்தாம் நாளில் மணலூர்பேட்டையின் பெண்ணையாற்று மணற்பரப்பில் கால்வைக்க இடமிராது. திருவண்ணாமலையில் எழுந்தருளியுள்ள அண்ணாமலையார் அன்று தீர்த்தவாரியின்பொருட்டு இவ்வூர் ஆற்றுக்கு எழுந்தருளுவர். சுற்றூர்களினின்றும் வண்டி கட்டி வந்த காலம் போய்ப் பேருந்திலும் சிற்றுந்திலும் வரும் காலம் ஆயிற்றேனும், நீராடிக் கரையேறியவர் ஈரத்தோடு நின்று கைகூப்பும் காட்சி மாறவில்லை. மலையே திருமேனியாக நிற்கும் பெருமான் ஆற்றைத் தேடி வருகின்றார். அவர் தேடிவரும் இவ்வாற்றின் ஒழுக்கைப் பின்பற்றிக் கிழக்கே செல்வார்க்குத் திருக்கோவலூர் வீரட்டம் எதிர்ப்படும். நடுநாட்டுத் திருத்தலங்களுள் பழமையாலும் பெருமையாலும் முற்பட்டு நிற்பது அது.

சிவபெருமான் மறச்செயல் நிகழ்த்திய தலங்கள் எட்டனை அட்டவீரட்டம் என்பர். கண்டியூர், அதிகை, பறியலூர், விற்குடி, வழுவூர், குறுக்கை, கடவூர் என்னும் ஏழோடு கோவலூரையும் கூட்டி எண்ணுவது மரபு. அந்தகாசுரனை அடக்கிய இடம் கோவலூர். ஊரின் கீழ்ப்பகுதியாகிய கீழையூரில் வீரட்டேசுவரர் சிவானந்தவல்லி அம்மையோடு எழுந்தருளியுள்ளார். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். இதே ஊரின் மேற்பகுதியில் உலகளந்த பெருமாள் திருக்கோயில் உள்ளது. முதலாழ்வார் மூவரும் மழையிரவில் ஓர் இடைகழியில் நெருக்குண்டு நின்ற வரலாறு அதனைச் சார்ந்தது. இரு சமயத்தாரும் ஒரே ஆற்றுநீரால் தத்தம் பெருமானுக்குத் திருமஞ்சனம் செய்து வந்த ஊர் இது.

அந்தகன் கதையைப் பலரும் அறிவர். அம்மை விளையாட்டாக இறைவன் திருக்கண்களை மூடியபோது உலகை மூடிய இருளில் பிறந்தவன் அவன். பிறவிக் குருடன் ஆதலின் அந்தகன் எனப்பட்டான். அவன் உடலினின்று சிந்திய குருதித்துளி ஒவ்வொன்றும் ஓர் அசுரனாக எழுந்தது என்பது புராணம். அவ்வசுரரை ஒடுக்க அறுபத்துநான்கு பைரவரை இறைவன் தோற்றுவித்தான் என்று தலவரலாறு கூறும். இக்கதையின் முடிபைப் பலரும் கருதிப் பார்ப்பதில்லை. சூலத்தின் நுனியில் வற்றி உலர்ந்த அந்தகன் அழிந்தொழிந்தானல்லன். இறைவனைத் துதித்து அவன் கணங்களுள் ஒருவன் ஆயினான். சைவ சித்தாந்தம் ஆணவமலத்தைப் பற்றிக் கூறுவதும் இதுவே. ஆணவம் உயிரினின்று வேரோடு இல்லாமற் போவதன்று. அதன் சத்தி மடங்கிக் கிடப்பதே வீட்டுநிலை. குருதித்துளி விழுந்தவிடமெல்லாம் மறுபடியும் முளைக்கும் அசுரனைத் தம் நெஞ்சிலேயே கண்டறிந்தவர்க்கு இக்கதைக்கு உரை வேண்டியதில்லை.

இத்தலத்திற்குரிய அடியவர் மெய்ப்பொருள் நாயனார். சேதிநாட்டை ஆண்ட குறுநில மன்னர் அவர். திருநீறும் சடையும் கண்டவிடத்து அவையே மெய்ப்பொருள் எனக் கொண்டவர். போரில் அவரிடம் பலகாலும் தோற்ற முத்தநாதன், உடலெங்கும் நீறு பூசி, சுவடிக்கட்டினுள் உடைவாளை மறைத்துக்கொண்டு அரண்மனை புகுந்தான். வேறெங்கும் கிடைத்தற்கரிய ஆகமம் ஒன்று கொணர்ந்தேன் என்றான். அரசர் அவனை உயர்ந்த இருக்கையில் இருத்தித் தாம் தாழ அமர்ந்தார். கட்டை அவிழ்ப்பான்போல் வாளை எடுத்துத் தான் நினைத்ததை முடித்தான். பாய்ந்து வந்த காவலன் தத்தனைத் தடுத்து, இவர் நம்மவர், இவரை ஊறுபடாமல் ஊர் எல்லை கடத்திவிட்டு வா என்று அரசர் பணித்தார். தத்தன் திரும்பி வந்து உரைக்குமளவும் உயிரைத் தாங்கியிருந்தார். கார்த்திகை உத்திரம் அவரது குருபூசைநாள். வேடத்தை நம்பி உயிரிழந்தார் என்று இதனைச் சுருக்கிக் கூறுவது போதாது. ஏட்டில் எழுதப்பட்ட சொல்லுக்கு ஓர் அரசன் எத்துணை தாழ்ந்து இருந்தான் என்பதும் அதிற் காணத்தக்கது.

எழுதப்பட்ட சொல் இக்கோயிலில் ஏட்டில் மட்டும் இல்லை. வீரட்டத்தின் சுவர்களில் பல்லவர் காலந்தொட்டுச் சோழர் காலம் ஈறாகப் பல கல்வெட்டுகள் உள்ளன. 949-இல் தக்கோலப் போரில் சோழப்படையை வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் இங்குக் கன்னரதேவன் என்ற பெயரோடு விளங்குகின்றான். ஆட்சி மாறிற்று, விளக்கு மாறவில்லை. வென்ற அரசன் ஆண்டைக் குறித்துக்கொண்டு ஊரார் தம் நிவந்தங்களைத் தொடர்ந்தனர். ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடுவது சோழர் காலத்துப் பெருவழக்கு. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் கூறும். ஆடு சாகாதா, மூவாதா என்று நகைப்பார் உளர். கிழட்டாடு கழிய அதன் குட்டி அவ்விடத்தில் நிற்கும். தொகை தொண்ணூற்றாறிற் குறையாது. வைத்த அறம் சாவதில்லை என்பதையே ஆட்டின்மேல் ஏற்றிக் கூறினர்.

இவ்விளக்குகள் எல்லாம் செல்வர் மகிழ்ந்து வைத்தவை அல்ல. மணலூர்பேட்டையை அடுத்துள்ள சம்பைத் திருத்தாந்தோன்றி மகாதேவர் கோயிலிற் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. வரி தண்டும் ஊர் அலுவலன் ஒருவன் ஒரு பெண்ணிடம் வரி கேட்டான். தான் இறுக்கவேண்டியது இல்லை என்றாள் அவள். அவன் அவளைச் சூளுறவுக்கு உட்படுத்தினான். அவமானம் பொறாமல் அப்பெண் நஞ்சுண்டு இறந்தாள். நான்கு திசையிலும் பல நாட்டிலும் உள்ளோர் கூடி ஆராய்ந்து, பழி அவ்வலுவலனையே சாரும் என்று தீர்த்தனர். அவன் 32 காசு கொடுத்து அக்கோயிலில் விளக்கு எரிக்கலானான். வேட்டையிற் குறிதவறி ஒருவனைக் கொன்றவனுக்கும் அவ்வூரில் விளக்கே தண்டமாக விதிக்கப்பட்டது. ஓர் உயிருக்கு 32 காசு ஈடாகுமா என்று இக்காலத்தார் வினவுவர், அவ்வினா நேரியதே. ஆயினும் அரசு அலுவலனாயினும் விடோம் என்று கூடிய அவையை மறுக்கவியலாது. அக்கல்வெட்டு இல்லையேல் அவள் பட்ட துன்பத்தை உலகம் அறிந்திராது.

அதே சம்பையில், 1981-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் மற்றொன்று கண்டனர். பாறைக் குகைத்தளத்தில் தமிழ்ப்பிராமி எழுத்தில் உள்ள அது, அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர்க்கு அளித்த இருப்பிடத்தைக் குறிக்கின்றது. அவனைச் சதியபுத்திரன் என்று சுட்டுகின்றது. அசோகனுடைய பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியரோடு எண்ணப்பெறும் சதியபுத்திரர் யாவர் என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்ட வினாவுக்கு இவ்வொரு வரி விடை தந்தது. அவ்வை பாடிய அஞ்சி, கோவலூரை எறிந்தவன் என்று புறநானூறு கூறும் அவ்வள்ளல், கற்பனையன் அல்லன் என்பதற்குக் கோவலூர்க்கு அண்மையிலேயே கல் சான்று நிற்பது வியப்பு.

இனிக் கபிலக்கல். வீரட்டத்தின் அருகே பெண்ணையாற்றின் நடுவில் ஒரு பாறை. அதன்மேல் ஒரு சிறு கோயில். கபிலர் குன்று என்று ஊரார் காட்டுவர். பாரி மறைந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் கபிலர் சென்றதும், அவர்கள் மறுத்ததும் புறநானூற்றால் அறியப்படும். பின்னர் என்ன ஆயிற்று? அம்மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்து வடக்கிருந்தார் கபிலர் என்று புறநானூற்றின் பழைய கொளுவொன்று கூறுகின்றது. வீரட்டத்துச் சுவரில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரி அடைக்கலமாகத் தந்த பெண்ணை மலையமானுக்கு மணஞ்செய்வித்து, ஆற்றின் நடுவே கபிலக்கல்லில் அவர் தீப்புகுந்தார் என்கின்றது. பிற்காலத்துத் தனிப்பாடற் கதைகளில் கபிலர் இடத்தில் அவ்வையார் வந்துவிடுகின்றார். மகளிர்க்கு அங்கவை, சங்கவை என்ற பெயரும் அமைகின்றன. மணவிருந்துக்குப் பெண்ணையாறு நெய்யும் பாலுமாகப் பெருகுகின்றது.

மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து ஒரு வரலாறு செய்ய முற்படுவார் உளர். அது வேண்டா. கபிலர் காலத்துக்கும் இராசராசன் காலத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆதலின் கல்வெட்டு கபிலர் இறந்தவாற்றுக்கு நேர்ச்சான்று ஆகாது. ஆயின், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊரார் இப்பாறையைக் காட்டி இப்புலவர் பெயரைச் சொன்னார்கள் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று இல்லை. நண்பனின் மக்களைக் கரையேற்றிய பின்னரே தன் உயிரைவிட ஒருப்பட்டான் ஒருவன் என்பதில் முதலிரண்டு வழக்கும் மாறுபடவில்லை. அவ்வை அழைக்க ஆறு பாலாகிய கதையைக் கேட்கும் குழந்தையிடம் அது வரலாறா என்று எவரும் கேட்கவேண்டாம்; வரலாறு என்று சாதிக்கவும் வேண்டாம்.

அக்கல்வெட்டிலேயே மற்றொரு தீயும் உண்டு. இராசராசனைப் பெற்ற வானவன் மாதேவியார் மலையமான் குலத்துதித்தவர். சுந்தரசோழர் துஞ்சியபோது, பால்மணம் மாறா மகவைப் பிரிந்து அவ்வம்மையார் கணவருடன் எரிபுகுந்தார் என்று அது புகழ்கின்றது. பிறந்த வீட்டார் ஊரில் பொறித்த புகழ் அது. இன்று படிப்பவர்க்குப் புகழ்ச்சி தோன்றுவதில்லை. அம்மகவின் அழுகையே கேட்கின்றது. பின்னாளில் தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவைப் பிராட்டியார் தம் தந்தையோடு தாய்க்கும் படிமம் எடுத்து வைத்தார்.

குடமுழுக்கு மலரொன்றில் இவற்றை விரித்தற்குக் காரணம் உண்டு. திருப்பணி என்றால் புதுக்குதல். ஆவர்த்தம், அனாவர்த்தம், புனராவர்த்தம், அந்தரிதம் எனக் குடமுழுக்கை நால்வகையாக்கி நூல்கள் விதித்துள்ளன. இறையாற்றலைக் கும்பத்தில் ஈர்த்துப் பாலாலயத்தில் வைத்துப் பழுது தீர்ந்தபின் மீள நிலைநிறுத்துவர். நெடுந்தொலைவில் சப்பான் நாட்டிலும் இதனையொத்த மரபு உண்டு. அங்குச் சிந்தோ சமயத்தாரின் தலையாய திருக்கோயிலாகிய இசேயில், ஞாயிற்றுத் தெய்வத்தின் ஆலயம் மரத்தால் ஆனது. இருபதாண்டுக்கு ஒருமுறை அதற்கு அடுத்துள்ள வெற்றிடத்தில் அதே அளவில் புதிய ஆலயம் எழுப்பித் தெய்வத்தின் சின்னத்தை அதற்கு மாற்றுவர். பழைய கட்டடத்தைப் பிரித்துவிடுவர். 690-இல் தொடங்கிய அம்முறை, உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூற்றாண்டுக்கு மேல் தடைப்பட்டும் மீண்டும் தழைத்து, 2013-இல் அறுபத்திரண்டாம் முறையாக நிகழ்ந்தது. மரத்தில் தச்சரின் கைத்திறமே ஏடு. ஆதலின் பழையதைப் பிரிப்பதால் அவர்க்கு இழப்பில்லை. தமிழ்நாட்டுக் கோயிலிலோ கல்லே ஏடு. பிரித்த கல்லோடு சொல்லும் போய்விடும்.

இதனை இராசராசன் அறிந்திருந்தான். திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டபோது, அதிலுள்ள கல்வெட்டுகளை முதலிற் புத்தகத்திற் படியெடுக்கப் பணித்தான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீளப் பொறிக்கப்பட்டன. முன்னோர் வைத்த அறத்துக்குத் தன் திருப்பணியால் ஊறு நேரக்கூடாது என்று பேரரசன் ஒருவன் அஞ்சினான். அண்மைக்காலத்தில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்க மணலை விசையோடு வீசிக் கல்லைத் தூய்மை செய்யும் முறை பல கோயில்களிற் புகுந்தது. பிசுக்கோடு எழுத்தும் தேய்ந்தது. சுண்ணமும் வண்ணமும் எழுத்தின்மேல் அப்பப்படுவதும் உண்டு. கல்வெட்டுள்ள பலகைக்கல் தலைகீழாகப் படிக்கட்டில் பதிக்கப்படுவதும் உண்டு. திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள், வேலை தொடங்குமுன் சுவரிலுள்ள எழுத்துகளைப் படியெடுத்தாயிற்றா என்று ஒருமுறை கேட்பது அவர்தம் உரிமை. புதிய பெயர்ப்பலகையில் தம் பெயர் பொறிக்கப்பெறும் அதே சுவரில் பழைய கொடையாளர் பெயரும் இருக்கின்றது.

முன்னோர் வைத்த நிவந்தம் எவர்க்கு எப்பொழுது பயன்படும் என்று சொல்லவியலாது. 1896-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் இறுதியில் மதுரையினின்றும் புறப்பட்ட பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன், கைப்பொருள் தீர்ந்து, மாம்பழப்பட்டிலிருந்து நடந்து, பெண்ணையின் வடகரையிலுள்ள அறையணிநல்லூர்க் கோயிலை அடைந்தான். சம்பந்தர் அண்ணாமலையைக் கண்டு தொழுததாகச் சேக்கிழார் கூறும் தலம் அது. அங்கே அவனுக்குப் பேரொளி ஒன்று தோன்றிற்று. கோயில் சாத்தும் நேரம் வந்தது, உணவு கிடைக்கவில்லை. ஆற்றைக் கடந்து கோயிலாரோடு கீழையூர் வீரட்டத்துக்கு வந்து, அங்கும் கண்மூடி அமர்ந்தான். பூசை முடிந்தபின் மீண்டும் உணவு கேட்டான், இல்லை என்றனர். கோயிலில் மேளம் வாசிப்பவர் அருகில் இருந்தார். தமக்குரிய சோற்றுப்பங்கை அப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுமாறு அவர் சொன்னார். சோற்றை ஏந்திக்கொண்டு நீர் தேடிச் சென்ற சிறுவன், மயங்கி விழுந்து, சிந்திய சோற்றைப் பொறுக்கி உண்டான். மறுநாள் ஊரில் அன்பர் ஒருவர் இல்லத்தில் உண்டு, காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு ஈடுவைத்து, செப்டம்பர் முதல்நாள் திருவண்ணாமலை சேர்ந்தான். இரமண மகரிசி என்று பின்னர் உலகம் அவரை அறிந்தது. பங்கு கொடுத்த மேளக்காரரின் பெயர் எக்கல்லிலும் இல்லை.