பாலூட்டும்போது மார்பில் திடீர் தடிப்பா? பயத்துக்கு ஒரு தேதி குறிங்க!

ராத்திரி ரெண்டு மணி. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது மார்பில் சிவப்பாக ஒரு தடிப்பு கண்ணில் படுகிறது. நேற்று வரை அது இல்லை. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் போன். கூகுளில் தேடினால் நாலாவது வரியிலேயே புற்றுநோய் வந்து நிற்கிறது. அப்புறம் எங்கே தூக்கம்?

அம்மாவிடம் சொன்னால், "உடம்புச் சூடு, தானா போயிடும்" என்பார். மாமியாரிடம் சொல்லக் கூச்சம். டாக்டரிடம் காட்ட அதைவிடக் கூச்சம். இப்படி யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே பயந்துகொண்டிருக்கிற புது அம்மாக்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

"பயப்படாதீங்க" என்று சொன்னால் பயம் போய்விடாது. எதற்கு எத்தனை நாள் பொறுக்கலாம், எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரிந்தால் பாதி குறையும்.

பெரும்பாலும் எதனால் வருகிறது?

* வேர்க்குரு, படர்தாமரை: மார்புக்கு அடியில் வியர்வையும் கசிந்த பாலும் தங்கும் இடத்தில் வரும். அரிப்பு இருக்கும்.
* ஒவ்வாமை: புது ப்ரா, டிடர்ஜென்ட், பால் உறிஞ்சும் பேட், காம்பில் தடவிய க்ரீம் என எதுவும் காரணமாகலாம். அந்தப் பொருள் பட்ட இடத்தில் மட்டும் தடிப்பு இருக்கும்.
* பூஞ்சைத் தொற்று: காம்பு பளபளவென்று சிவந்து எரியும். குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அம்மா, குழந்தை இருவருக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை.
* பால் கட்டு, மார்பக அழற்சி: ஒரு பகுதி மட்டும் கெட்டியாகி, சுட்டு, வலிக்கும். காய்ச்சலும் வரலாம். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் இது அதிகம்.

ஒரு விஷயம். இணையத்தில் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சிவப்பு அப்படிப் பளிச்சென்று தெரியாது. கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ இருக்கலாம். அதனால் நிறத்தை மட்டும் பார்க்காமல் சூடு, வீக்கம், வலி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

இன்றே கிளம்புங்கள்: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, சீழ், அல்லது கொத்தாக நீர்க்கொப்புளங்கள் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

24 மணி நேரம்: லேசான பால் கட்டு, காய்ச்சல் இல்லை என்றால் வழக்கம்போல் பால் கொடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், ஓய்வெடுங்கள். ஒரு நாளில் குறையவில்லை என்றால் டாக்டர்.

ஒரு வாரம்: வேர்க்குரு, ஒவ்வாமை போலத் தெரிந்தால் சந்தேகப்படும் பொருளை நிறுத்துங்கள். அந்த இடத்தை உலர்வாக வையுங்கள், பருத்தி உள்ளாடை போடுங்கள். ஒரு வாரத்தில் மறையாவிட்டால் தோல் மருத்துவர்.

சிகிச்சைக்குப் பிறகும் போகலையா? ஆன்டிபயாடிக் முடித்தும் சிவப்பும் வீக்கமும் அப்படியே இருக்கிறதா? தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி விழுகிறதா? ஒரு பக்கக் காம்பில் மட்டும் சொறி போன்ற புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லையா? "ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். அரிதாக, சில மார்பகப் புற்றுநோய்கள் கட்டியே இல்லாமல் இப்படித் தோலில்தான் தெரியும். அல்ட்ராசவுண்ட், மேமோகிராம், பயாப்சி எதற்கும் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

பால் கொடுக்கலாமா?

பெரும்பாலான தடிப்புகளுக்குக் கொடுக்கலாம். பால் கட்டின்போது சட்டென்று நிறுத்தினால்தான் பிரச்னை பெரிதாகும். விதிவிலக்கு, நீர்க்கொப்புளம். அது ஹெர்பிஸ் தொற்றாக இருந்தால் பச்சிளங்குழந்தைக்கு ஆபத்து. டாக்டர் பார்க்கும்வரை அந்தப் பக்கம் கொடுக்காமல், கொப்புளத்தைத் துணியால் மூடிவிட்டு, கையைக் கழுவி, அடுத்த பக்கம் கொடுங்கள்.

"நீ பயந்தா பால் கெட்டுப்போகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டென்ஷனில் பால் இறங்கக் கொஞ்சம் தாமதமாகலாம். ஆனால், பால் கெடாது.

இதெல்லாம் வேண்டாம்

* பால் கட்டுக்கு மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது. அது பால் சுரப்பையே குறைத்துவிடும்.
* கொப்புளத்துக்கு அக்கி எழுதுவது. புண்ணில் மண் பட்டால் வேறு தொற்று வரலாம். அக்கிக்கு மருந்து இருக்கிறது. கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும்.
* மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம். படர்தாமரையில் தடவினால் முதலில் குறைவது போலக் காட்டி, பிறகு பரவும்.
* கெட்டியான இடத்தை அழுத்தித் தேய்ப்பது. வீக்கம் கூடும்.

மனசை என்ன செய்வது?

போட்டோ எடுங்கள்: ஜன்னல் வெளிச்சத்தில், தினம் ஒரே நேரத்தில், ஒரே ஒரு போட்டோ. தடிப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டால் பரவுகிறதா என்று தெரியும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கண்ணாடி முன் நிற்க வேண்டாம். அந்தப் படங்கள் டாக்டருக்கும் உதவும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தவறிப் போய்விடாமல் லாக் செய்து வையுங்கள்.

தேதி எழுதுங்கள்: "வியாழக்கிழமைக்குள் குறையலைன்னா டாக்டர்" என்று போனில் ரிமைண்டர் வையுங்கள். நடுராத்திரி பயம் வரும்போது, "இதுக்கு வியாழக்கிழமை இருக்கு" என்று சொல்லிக்கொள்ளுங்கள். ராத்திரியில் கூகுள் வேண்டாம்.

மூச்சு: நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம்.

ஒருவரிடமாவது சொல்லுங்கள்: கணவர், அக்கா, தோழி... யாராவது ஒருவர். கணவர்களே, "ஒண்ணும் இல்ல, விடு" என்று முடித்துவிடாதீர்கள். "வா, காட்டிட்டு வந்துடலாம். குழந்தையை நான் பார்த்துக்கிறேன்" என்பதுதான் அவருக்குத் தேவை.

குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, படபடப்பு, காரணமில்லாத அழுகை என்று இரண்டு வாரம் தாண்டினால், அது தடிப்பைப் பற்றிய பயம் மட்டுமில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனப் பதற்றமாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. பாலை நிறுத்தாமலேயே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது?

கூச்சத்தில் வார்த்தை வரவில்லையா? இதை அப்படியே சொல்லுங்கள்: "பால் கொடுத்துக்கிட்டு இருக்கேன். இந்தத் தேதியில இருந்து இந்த இடத்துல தடிப்பு இருக்கு. பெண் டாக்டர் யாராவது பார்க்க முடியுமா?" பெண் டாக்டர் இல்லையென்றால், பரிசோதனையின்போது நர்ஸ் ஒருவர் கூட இருக்கும்படி கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.