ஸ்கூல் டீமா, கிளப்பா: அமெரிக்கச் சிறுமிகளின் கால்பந்து

1971-72 கல்வியாண்டில் அமெரிக்கா முழுக்க ஹைஸ்கூல் அணிகளில் கால்பந்து ஆடிய பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 700 பேர். ஐம்பது மாநிலங்கள் உள்ள நாட்டில் மொத்தம் 28 பள்ளிகள்தான் பெண்களுக்கு அணி வைத்திருந்தன. மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு வருஷா வருஷம் எடுக்கிற கணக்கு இது. அதே கூட்டமைப்பின் 2018-19 கணக்கில் இந்த எண்ணிக்கை 3,90,000-ஐத் தாண்டிவிட்டது. (கால்பந்து என்று நான் இங்கே சொல்வது அவர்கள் சாக்கர் என்று அழைக்கிற ஆட்டத்தை. அவர்களுடைய ஃபுட்பால் வேறு. அதுவும் இந்தக் கதைக்குள் வரும்.)

இவ்வளவு பேரை மைதானத்துக்குக் கொண்டுவந்தது பள்ளிக்கூடம். ஆனால் இன்று நன்றாக ஆடுகிற பதினைந்து வயதுப் பெண்ணின் வீட்டில் நடக்கிற பேச்சு, "ஸ்கூல் டீமில் ஆடலாமா, இல்லை கிளப்போடு நிறுத்திக்கொள்ளலாமா" என்பதுதான். 2017-இலிருந்து சில வருஷம் அந்த நாட்டின் கால்பந்து சம்மேளனமே, "எங்களிடம் வந்தால் பள்ளிக்கு ஆடக்கூடாது" என்று சொன்னது. பள்ளியால் வளர்ந்த ஆட்டம் பள்ளியை விட்டு வெளியே போனது எப்படி? அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் சட்டம். 1972 ஜூன் 23 அன்று ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதிக்கு டைட்டில் நைன் என்று பெயர். பேட்ஸி மிங்க், ஈடித் கிரீன், பர்ச் பே ஆகியோர் பாடுபட்டுக் கொண்டுவந்தது. அதன் மையமான வாக்கியம் ஆங்கிலத்தில் 37 வார்த்தைகள். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது! மத்திய அரசின் நிதி பெறுகிற எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது, அவ்வளவுதான். பள்ளி விளையாட்டும் கல்வித் திட்டம்தானே என்று 1975-இல் வந்த விதிமுறைகள் தெளிவாக்கின. ஹைஸ்கூல்களும் கல்லூரிகளும் 1978 ஜூலைக்குள் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று கெடு கொடுத்தார்கள்.

சரி, இதில் கால்பந்துக்கு ஏன் இவ்வளவு லாபம்? அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ஆட்கள் கூட்டமாக வேண்டும். அத்தனையும் பையன்கள். அதற்கு ஈடாகப் பெண்களுக்கு எதைத் தொடங்குவது? கூடைப்பந்தில் பத்துப் பன்னிரண்டு பேரைத்தான் சேர்க்க முடியும். கால்பந்தில் இருபதுக்கு மேல் சேர்க்கலாம். புல்தரை ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு கோல் கம்பமும் பந்தும் போதும். பள்ளி நிர்வாகிகளும் கல்லூரி நிர்வாகிகளும் போட்ட இந்தக் கணக்குதான் உலகச் சாம்பியன்களை உருவாக்கியது என்றால் மிகையில்லை. கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. 1982-இல் முதன்முறையாகப் பெண்கள் கால்பந்துச் சாம்பியன் போட்டி நடத்தியபோது நூறு அணிகள்கூட இல்லை. பிற்பாடு மூன்று பிரிவுகளிலும் சேர்த்து ஆயிரம் அளவுக்குப் போனது. தேசிய அணி முதல் ஆட்டம் ஆடியது 1985 ஆகஸ்டில், இத்தாலியின் யேசோலோ ஊரில். தோல்வி. ஆறே வருஷத்தில், 1991-இல், சீனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையை அதே அணி வென்றது. வேறு எந்த நாட்டிலும் பள்ளியும் கல்லூரியும் சேர்ந்து இப்படி ஓர் ஏணியைப் பெண்களுக்குப் போட்டுக் கொடுத்திருக்கவில்லை.

கிளப் என்பது பள்ளிக்குப் பிறகு வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1964-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து டாரன்ஸில் அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு (ஏ.ஒய்.எஸ்.ஓ.) தொடங்கியது. 1971-இல் பெண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. வருகிற எல்லோரும் ஆட வேண்டும், ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதி நேரமாவது களத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. சனிக்கிழமைக் காலை, அப்பாதான் கோச், இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை என்கிற மாதிரி ஆட்டம். அதிலிருந்து நன்றாக ஆடுகிற பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பொறுக்கி, சம்பளக் கோச் வைத்து, ஊர் ஊராகக் கூட்டிப்போகிற அணிகள் தனியாகக் கிளம்பின. நான் கிளப் என்று சொல்வது இவற்றைத்தான்.

ரொம்ப நாள் இரண்டும் சண்டையில்லாமல் இருந்தன. பள்ளி சீசன் மூன்று மாதம்; மீதி மாதங்கள் கிளப்புக்கு. சீசன் எப்போது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் இலையுதிர் காலம், கலிஃபோர்னியாவில் குளிர்காலம், இல்லினாயில் வசந்தம். கலிஃபோர்னியாவில் பள்ளி சீசன் நடக்கும்போது அதே ஆட்டத்தை வெளி அணிக்கு ஆடினால் பள்ளியில் ஆடும் தகுதி போய்விடும். இப்படி ஓர் எல்லைக்கோடு இருந்ததால் யாருக்கும் குழப்பமில்லை. அந்தக் காலத்து நட்சத்திரங்களைப் பாருங்கள். ஏபி வாம்பாக் ராச்செஸ்டரில் தன் ஹைஸ்கூலுக்காக 142 கோல் அடித்தவர். பின்னாளில் உலகின் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான ஹோப் சோலோ ரிச்லண்ட் ஹைஸ்கூலில் ஃபார்வர்டு! 109 கோல், கடைசி வருஷம் மாநிலப் பட்டமும் கிடைத்தது. அலெக்ஸ் மார்கன் கிளப் பக்கம் வந்ததே 14 வயதில்தான். இன்றைக்கு அந்த வயதில் போனால், "இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க" என்று கேட்பார்கள்.

மேகன் ரபினோ விதிவிலக்கு. ரெடிங் என்ற வட கலிஃபோர்னியா ஊரிலிருந்து எல்க் குரோவ் கிளப்புக்கு ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். பள்ளி அணியில் ஆடாமல், இரட்டைச் சகோதரியோடு அங்கே போய் ஆடினார். அப்போது அது அபூர்வம்.

இந்த இடத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநகரத்தை ஒட்டிய வெஸ்ட்செஸ்டர் கவுண்டியில் மமரோனெக், பெல்ஹம் என்ற இரண்டு பள்ளி மாவட்டங்கள். அங்கே பையன்களுக்குக் கால்பந்து இலையுதிர் காலத்தில், பெண்களுக்கு வசந்தத்தில். அதனால் என்ன என்று தோன்றும். நியூயார்க்கில் மண்டல, மாநிலச் சாம்பியன் போட்டிகள் நடப்பது இலையுதிர் சீசன் முடிவில். வசந்தத்தில் ஆடுகிற பெண்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் மாநிலச் சாம்பியன் ஆகவே முடியாது. தோற்றதால் இல்லை; போட்டி நடக்கும்போது அவர்களுக்கு அணியே இல்லை. பையன்கள் மட்டும் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கனவோடு ஆடலாம்.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். மைதானம் போதாது, நடுவர் கிடைக்கமாட்டார், கோச் இல்லை, செலவு ஆகும் என்று மாவட்டங்கள் பதில் சொல்லின. 2004-இல் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி காட்ஸ்மன் எழுதிய தீர்ப்பின் சாரம்: நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று பள்ளி எதிர்பார்க்கவில்லை, பையன்களின் திறமைக்குத் தருகிற மதிப்பு உங்களுக்கு இல்லை என்கிற செய்திதான் இந்த ஏற்பாட்டால் பெண்களுக்குப் போய்ச் சேர்கிறது. மைதானம் போதாது என்றால் ஒரு வருஷம் பெண்கள், ஒரு வருஷம் பையன்கள் என்று மாற்றி மாற்றி ஆடலாமே என்ற வழியையும் அது காட்டியது. மிச்சிகனில் பல ஆட்டங்களின் சீசன்களை வைத்து 1998-இல் தொடங்கிய இதே மாதிரி வழக்கு 2007 வரை இழுத்து, அதிலும் பெண்கள் பக்கமே வென்றது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஜெயித்தது யார் என்பதைவிட, வழக்குப் போட ஓர் இடம் இருந்தது என்பதே. பள்ளி அநியாயம் செய்தால் கேட்கலாம். அரசு நிதி இருக்கிற இடத்தில் டைட்டில் நைன் இருக்கிறது. தனியார் கிளப்பில் அரசுப் பணம் இல்லை, ஆகவே பொதுவாக அந்தச் சட்டமும் இல்லை. அங்கே உங்கள் மகளுக்கு நல்ல நேரம், நல்ல மைதானம், நல்ல கோச் கிடைக்கவில்லை என்றால் வேறு கிளப்புக்குப் போகலாம், அவ்வளவுதான். அதுவும் கையில் பணம் இருந்தால்.

பள்ளி பக்கம் தராசு சாயாமல் போனதற்குக் கல்லூரிதான் காரணம். முதல் பிரிவுக் கல்லூரி அணி ஒன்றுக்கு 14 முழு ஸ்காலர்ஷிப் வரை தரலாம் என்பது பல வருஷம் இருந்த விதி. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலருக்குக் கொடுப்பார்கள். கல்லூரிக் கோச் ஒருவர் ஆள் தேடுகிறார் என்று வையுங்கள். நாற்பது ஊர்ப் பள்ளிகளுக்கு அலைவாரா, நல்ல கிளப்புகள் எல்லாம் ஒரே வளாகத்தில் கூடுகிற வார இறுதிப் போட்டிக்குப் போவாரா? பிந்தையதுதான் நடந்தது. போகப் போக எட்டாம், ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளிடமே வாய்மொழி ஒப்புதல் வாங்குகிற அளவுக்கு முற்றிவிட்டது. 2019-இல்தான் என்.சி.ஏ.ஏ. விதியை இறுக்கி, பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன்னால் பேச்சே கூடாது என்றது. ஸ்கூலில் பாடம் நடந்தாலும் ட்யூஷன் சென்டரில்தான் விஷயம் இருக்கு என்று நம்மாட்கள் நம்புவதில்லையா, அதே நம்பிக்கை. 2009-இல் 40 கிளப்புகள் சேர்ந்து எலீட் கிளப்ஸ் நேஷனல் லீக் (ஈ.சி.என்.எல்.) என்று பெண்களுக்கு ஒரு தேசிய லீக் ஆரம்பித்ததும் இந்தச் சூழலில்தான். ஆனால் அவர்கள் ஒரு காரியம் சரியாகச் செய்தார்கள்: பள்ளி சீசனுக்கு இடம் விட்டு அட்டவணை போட்டார்கள்.

சம்மேளனம் அப்படி விடவில்லை. பையன்களுக்கு 2007-இல் டெவலப்மென்ட் அகாடமி தொடங்கி, 2012-இலிருந்து அதைப் பத்து மாத சீசனாக்கி, பள்ளி ஆட்டத்தைத் தடுத்தது. 2017 இலையுதிர் காலத்தில் சுமார் 70 கிளப்புகளோடு பெண்களுக்கும் அதே அகாடமி வந்தது. அதே தடையும் வந்தது. அவர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது, மறுக்க முடியாது. ஐரோப்பிய நாடுகள் பெண்கள் அணிகளில் பணம் போட ஆரம்பித்திருந்தன. 17 வயதுக்குட்பட்டோர் அமெரிக்க அணி 2014 உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. பள்ளி ஆட்டம் 80 நிமிடம்தான். வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப உள்ளே வரலாம் என்பதால் வேகமும் உடல் பலமும் இருந்தால் சமாளித்துவிடலாம். கோச் சில பள்ளிகளில் அருமையானவர், சில பள்ளிகளில் யாரும் முன்வராததால் தலையில் கட்டப்பட்ட வாத்தியார். வாரம் நான்கு நாள் பயிற்சி, குறைந்த ஆட்டம் என்ற திட்டத்தில் மூன்று மாதப் பள்ளி சீசன் ஓர் ஓட்டை மாதிரி அவர்களுக்குத் தெரிந்தது.

ஆனால் பையன்களுக்குப் போட்ட சட்டையை அப்படியே பெண்களுக்கு மாட்டினார்கள். பள்ளி அணியைத் துறக்கிற பையனுக்கு எதிரே ஒரு தொழில் இருக்கிறது. பெண்ணுக்கு? 2013-இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கில், அகாடமி தொடங்கிய அதே 2017-இல், குறைந்தபட்சச் சம்பளம் வருஷத்துக்கு 15,000 டாலர். பெரும்பாலான பெண்களின் பாதை எப்படியும் கல்லூரியில்தான் போய் முடியும். அதற்காகத் தோழிகளோடு, ஊர் ஜனங்கள் பார்க்க, பள்ளிச் சட்டை போட்டு ஆடுகிற நான்கு வருஷத்தை விட்டுவிடு என்றால் எல்லோரும் கேட்பார்களா? பல கிளப்புகள் ஒன்றிரண்டு வருஷத்திலேயே ஈ.சி.என்.எல். பக்கம் திரும்பின. 2020 ஏப்ரலில், கொரோனா நிதி நெருக்கடியைக் காரணம் சொல்லி, சம்மேளனம் இரண்டு அகாடமிகளையும் மூடியது. பெண்கள் அகாடமிக்கு வயது மூன்றுகூட ஆகவில்லை.

தடை போனாலும் பணம் போகவில்லை. கிளப் கட்டணம், சீருடை, விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர். 2018-இல் ஹோப் சோலோ வெளிப்படையாகவே சொன்னார்: இன்று நான் குழந்தையாக இருந்தால் என் குடும்பத்தால் என்னைக் கால்பந்தில் சேர்க்க முடியாது, இது பணக்கார வெள்ளைக்காரப் பிள்ளைகளின் ஆட்டமாகிவிட்டது என்று. ரிச்லண்ட் ஹைஸ்கூலில் 109 கோல் அடித்தவர் சொல்வதால் இதற்குக் கனம் அதிகம். பள்ளி அணியில் சேர மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் போதும். கிளப்புக்குக் கார் வேண்டும், காரோட்ட வேலையிலிருந்து சீக்கிரம் வரக்கூடிய அப்பாவோ அம்மாவோ வேண்டும்.

இப்போது மூன்றாவதாக ஒரு வழியும் திறந்திருக்கிறது. ஒலிவியா மோல்ட்ரி 13 வயதில் நைக்கியோடு ஒப்பந்தம் போட்டவர். 18 வயதுக்குக் கீழே லீக்கில் சேர முடியாது என்ற விதியை எதிர்த்து 2021-இல் ஓரிகன் மத்திய நீதிமன்றத்துக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கினார். 15 வயதில் போர்ட்லண்ட் தார்ன்ஸில் சேர்ந்தார். அடுத்த வருஷமே லீக் தானாக 18-க்குக் கீழ்ப்பட்டவர்களைச் சேர்க்க வழி செய்தது. 2024-இல் கல்லூரியிலிருந்து ஆளெடுக்கிற டிராஃப்ட் முறையையே ஒழித்தது. மோல்ட்ரி பயன்படுத்தியது டைட்டில் நைன் அல்ல, வணிகப் போட்டியைக் காக்கிற ஏகபோகத் தடுப்புச் சட்டம்.