முதல் மூன்று நாள்

பள்ளியிலே படித்த எவரும் ஒரு கடிதத்தை மறந்திருக்க மாட்டார். "எனக்குக் கடுமையான காய்ச்சலாக இருப்பதால் இன்று ஒரு நாள் விடுமுறை அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பது அதன் வாசகம். வந்தது வயிற்று வலியாயினும், வீட்டிலே கல்யாணமாயினும், ஊரிலே தேர்த் திருவிழாவாயினும், கடிதத்தில் எழுதப்படுவது காய்ச்சல்தான். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மை ஒரு பார்வை பார்ப்பார். 'மெய்தானா?' என்று கேட்கும் பார்வை அது. மெய்யாகவே மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த பிள்ளைக்கு அந்தப் பார்வை எப்படிச் சுடும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பார்வைக்கு ஒரு சரித்திரம் உண்டு. பள்ளிக்கூடத்தில் அது ஒரு கணத்தில் மறைந்துவிடும். தொழிற்சாலையிலோ, அது சட்டப் புத்தகத்தில் ஏறி, நாள் கணக்காகவும் கூலிக் கணக்காகவும் மாறி, முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருந்தது. அதை அகற்றுவதற்காக ஜெர்மனியின் வடகோடியில் 34,000 தொழிலாளர் ஒரு பனிக்காலம் முழுவதும் வேலையை விட்டு நின்றார்கள். அந்தக் கதையைத்தான் மாணவ நண்பர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

இயந்திரத் தொழில் பரவிய நாளில், உழைப்பவனுக்கு உழைத்த நாளுக்கே கூலி. வராத நாளுக்கு ஒன்றும் இல்லை; வராமல் போனதற்குக் காரணம் குடியா, நோயா என்று கேட்பாரும் இல்லை. அன்றாடங்காய்ச்சியின் வீட்டில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் உலை காயாது. பழைய கைவினைச் சங்கங்களும் சுரங்கத் தொழிலாளரின் சகாய நிதிகளும் சிலருக்குத் துணை செய்தன. பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. ஆகவே, எழுந்து நிற்க முடிந்தவன் வேலைக்குப் போனான். அதை வீரம் என்று சொல்வதற்கில்லை. வேறு வழி இல்லை என்பதே அதன் பொருள்.

ஆனால் இந்த நிலை எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்ததென்று எண்ணிவிடாதீர்கள். 1861-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாடுகளுக்குப் பொதுவாக ஏற்பட்ட வணிகச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. வணிக நிலையத்தில் பணிபுரியும் குமாஸ்தா தன் குற்றமின்றி நேர்ந்த துன்பத்தால் வேலைக்கு வர இயலாவிட்டால், ஆறு வாரம் வரை சம்பளத்தைப் பெறலாம் என்பது அந்த விதி. இந்த ஆறு வாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேனா பிடிப்பவனுக்கு 1861-இல் கிடைத்த இந்த உரிமை, பட்டறையில் சம்மட்டி பிடிப்பவனுக்கு எப்போது கிடைத்தது என்பதே நம் கதையின் கணக்கு.

தொழிலாளருக்கு முதலில் வழி செய்தவர் பிஸ்மார்க். அவர் தொழிலாளரின் தோழர் அல்லர். சோஷலிஸ்டுகளின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் 1878-இல் சட்டம் போட்டு அடக்கியவர். ஒரு கையால் அடக்கியவரே மறு கையால் கொடுத்தார். 1883 ஜூன் 15-ஆம் நாள் நிறைவேறிய நோய்க் காப்புச் சட்டம் உலகத்திலேயே அவ்வகையில் முதலாவது எனலாம். தொழிலாளி மூன்றில் இரு பங்கும், முதலாளி ஒரு பங்கும் செலுத்தி ஒரு நிதி சேரும். நோயுற்றவனுக்கு அந்த நிதியிலிருந்து வைத்தியமும் மருந்தும் இலவசம். கூலியில் பாதி, 13 வாரம் வரை உதவித் தொகை. மகத்தான ஏற்பாடு, ஐயமில்லை. ஆயினும் அதிலே ஒரு நிபந்தனை. நோயின் முதல் மூன்று நாளுக்குப் பணம் கிடையாது.

ஏன் மூன்று நாள்? சில்லறை நோய்களுக்கெல்லாம் பணம் கொடுத்தால் நிதி தாங்காது என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கூடவே வேறொரு காரணமும் இருந்தது. முதல் நாளே பணம் கிடைக்குமானால், திங்கட்கிழமைதோறும் தொழிலாளிக்குத் தலைவலி வந்துவிடும் என்ற எண்ணம் அது. பழைய கைவினைஞரிடையே திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போடும் வழக்கம் இருந்ததுண்டு; அதற்கு 'நீலத் திங்கள்' என்று பெயர். அந்தப் பழைய வழக்கத்தின் நிழல் காய்ச்சலில் கிடந்தவன் மேலும் விழுந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'கிராங்க்ஃபயர்ன்' என்று ஒரு சொல் வழங்குகிறது. வேலை நிறுத்தி ஓய்ந்திருத்தல் என்பது 'ஃபயர்ன்' என்ற சொல்லுக்குப் பழம்பொருள். கொண்டாடுதல் என்பது இன்றைய பொருள். ஆகவே நோயால் வேலைக்கு வராதவன், நோயைக் கொண்டாடுகிறவன் ஆகிவிட்டான்! சொல்லிலேயே சந்தேகம் குடியேறிவிட்டது.

சந்தேகம் இருந்தால் சோதனையும் வேண்டுமல்லவா? காப்பு நிதிகள் ஆட்களை அனுப்பின. நோயாளி வீட்டில் இருக்கிறானா, டாக்டர் சொன்னபடி நடக்கிறானா என்று பார்த்து வருவது அவர்களுடைய வேலை. பெர்லின் நகரத்தில் வணிகப் பணியாளருக்கான காப்பு நிதியின் நிர்வாகத்தில் ஆல்பெர்ட் கோன் என்பவர் இருந்தார். அவர் செய்த காரியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. நோயாளியைச் சோதிக்கப் போனவர்களிடம், அவன் படுத்திருக்கும் இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அறை எவ்வளவு பெரிது, சன்னல் உண்டா, எத்தனை பேர் உறங்குகிறார்கள், நோயாளிக்குத் தனிப் படுக்கை உண்டா என்று அவர்கள் குறித்து வந்தார்கள். புகைப்படமும் எடுக்கப்பட்டது. 1901 முதல் 1920 வரை ஆண்டுதோறும் நடந்த விசாரணை இது. நிலவறைகளும், கூரைக்கு அடியிலுள்ள பரண் அறைகளும், படுக்கையறையே தொழிற்கூடமாக இருந்த வீடுகளும் அந்த ஏடுகளில் வெளிவந்தன. காசநோய்க்காரர் பிறரோடு ஒரே படுக்கையில் கிடந்தார்கள். பொய்யனைப் பிடிக்கப் போனவர்கள், மெய்யான நோயின் ஊற்றுக்கண்ணைக் கண்டுகொண்டு திரும்பினார்கள். வீட்டில் இப்படிக் கிடப்பதைவிடத் தொழிற்சாலைக்குப் போவதே மேல் என்று ஒரு நோயாளி எண்ணியிருந்தால், அவனை யார் குறை சொல்ல முடியும்?

பிஸ்மார்க்கின் சட்டம் நாடு விட்டு நாடு பரவிற்று. அதனோடு காத்திருப்பு நாட்களும் பரவின. 1911-இல் லாயிட் ஜார்ஜ் இங்கிலாந்தில் கொண்டுவந்த சட்டத்தில் நான்காம் நாளிலிருந்துதான் உதவித் தொகை. 1927-இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் வகுத்த ஒப்பந்தமும் மூன்று நாள் வரை காத்திருக்க வைக்கலாம் என்று இடங்கொடுத்தது. நம் நாட்டிலே, பேராசிரியர் அடார்கர் 1944-இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1948-இல் தொழிலாளர் அரசாங்கக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலே நேரு அதைத் தொடங்கி வைத்தார். 1955 ஜனவரியில் அது கோயமுத்தூருக்கு வந்தது. பஞ்சாலைத் தொழிலாளி படுத்தால் ஏறக்குறையப் பாதிக் கூலி கிடைக்கும் என்பது அந்நாளில் சிறிய செய்தி அன்று. இருப்பினும் அந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. அதே ஊரில் சர்க்கார் குமாஸ்தாவுக்கோ மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பும் உண்டு, சம்பளமும் உண்டு. ஜெர்மனியில் கண்ட கோடு நம்மூரிலும் அதே இடத்தில்தான் கிழிக்கப்பட்டிருந்தது.

இனிக் கீல் நகரத்துக்கு வருவோம். பால்டிக் கடலோரத்தில், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் தலைநகரம் அது. கப்பல் கட்டும் தளங்கள் நிறைந்த ஊர். இரண்டாம் உலக யுத்தத்தில் தரைமட்டமாகி, 1950-களில் மீண்டும் எழுந்தது. உலகமெங்கும் கப்பல் வேண்டுமென்று கேட்ட காலம். தளங்களில் வேலை குவிந்து கிடந்தது. இரும்பையும் எஃகையும் வெட்டவெளியில், கடற்காற்றில் நின்று இணைக்கிற வேலை. மார்ச்சளியும் காய்ச்சலும் அங்கே அபூர்வம் அல்ல. ஒரே வாயிலில் நுழையும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் அலுவலகத்தில் கணக்கெழுதுபவர். மற்றவர் தளத்தில் பற்றவைப்பவர். இருவருக்கும் ஒரே நாளில் ஒரே காய்ச்சல். கணக்கருக்கு ஆறு வாரம் முழுச் சம்பளம், முதல் நாளிலிருந்தே. பற்றவைப்பவருக்கு முதல் மூன்று நாள் ஒன்றுமில்லை. பிறகு கிடைப்பதும் குறைந்த தொகை. சனிக்கிழமையும் வேலை நாளாயிருந்த அக்காலத்தில் மூன்று நாள் என்பது பாதி வாரக் கூலி. பால்காரருக்கும் வீட்டு வாடகைக்கும் என்ன சொல்வது? அவர் காய்ச்சலோடு சாரத்தில் ஏறினார். பக்கத்தில் நின்றவருக்கும் காய்ச்சலைக் கொடுத்தார்.

1956 அக்டோபர் 24-ஆம் நாள் உலோகத் தொழிலாளர் சங்கத்தினர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதிக விடுமுறை நாட்களும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. ஆனால் முதன்மையான கோரிக்கை, நோயுற்ற காலத்தில் அலுவலருக்குக் கிடைப்பது தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே. கீல், லூபெக், பிளென்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் தளங்கள் ஓய்ந்தன. அக்டோபர் போய், நவம்பர் போய், கடலோரத்தில் பனி இறுகியது. சங்கம் நாள்தோறும் ஒரு செய்தித்தாள் வெளியிட்டது. வேலை நிறுத்தியவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் சினிமாவும் இசை நிகழ்ச்சிகளும் ஏற்பாடு செய்தது. கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகளுக்குப் பரிசு கொடுத்தது. இவை வேடிக்கைக்காக அல்ல. வீட்டிலே மனைவி மனம் தளர்ந்தால் வாயிலிலே கணவன் தளர்வான் என்பதைச் சங்கத்தார் நன்கு அறிந்திருந்தார்கள்.

ஜனவரியில் பிரதமர் அடெனாயர் தாமே தலையிட்டார். சமரசத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது, தொழிலாளர் தள்ளினார்கள். இன்னொரு திட்டம் வந்தது, அதையும் தள்ளினார்கள். மூன்றாவதையும் பாதிக்கு மேற்பட்டோர் மறுத்தார்கள். ஆனால் போராட்டத்தைத் தொடர முக்கால் பங்கினரின் ஆதரவு வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அவ்வளவு பேர் இல்லை. 1957 பிப்ரவரி 14-இல், 114 நாட்களுக்குப் பிறகு, வேலைநிறுத்தம் முடிந்தது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. பெரும்பான்மையோருக்கு மனக்குறையோடுதான் அது முடிந்தது. போதாக்குறைக்கு, வாக்கெடுப்பைக் குறித்த காலத்துக்கு முன்பே நடத்தியது ஒப்பந்தத்தை மீறியதாகும் என்று கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் 1958-இல் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஆனால் அதே 1957-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றிற்று. அது கீல் நகரத்துக்கு மட்டுமன்று, மேற்கு ஜெர்மனி முழுவதற்கும் ஆனது. ஆறு வாரம் வரை, காப்பு நிதியின் தொகையோடு முதலாளி தம் பங்கையும் சேர்த்து, கைக்கு வரும் கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு கிடைக்கச் செய்ய வேண்டும். காத்திருப்பு நாள் மூன்று என்பது இரண்டாயிற்று.

சட்டம் ஜூலையில் அமலுக்கு வந்தது. ஆசிய இன்ஃபுளூயன்சாவும் அந்த ஆண்டுதான் உலகைச் சுற்றி வந்தது. மே மாதத்திலேயே சிங்கப்பூர்க் கப்பல் ஒன்றின் வழியாக நம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி இந்தியா முழுவதும் பரவிய அதே காய்ச்சல்தான் அது. ஜெர்மனியில் படுத்தவர் தொகை உயர்ந்தது. உடனே, 'பார்த்தீர்களா, பணம் கிடைக்கிறதென்றதும் படுத்துவிட்டார்கள்' என்றார்கள் சட்டத்தை விரும்பாதவர்கள்! காய்ச்சலுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் சந்தேகத்துக்கு எப்போதும் ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது. ஏமாற்றுகிறவர் ஒருவரும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எந்தக் கூட்டத்திலும் சிலர் இருப்பார்கள். அந்தச் சிலருக்காக மற்றவர் அனைவரும் மூன்று நாள் அபராதம் கட்டுவது எந்த நியாயம் என்பதுதான் கீல் தொழிலாளரின் கேள்வி.

1961-இல் தொண்ணூறு நூறாயிற்று. காத்திருப்பு ஒரே நாளாகக் குறைந்தது. 1969-இல் இயற்றப்பட்டு 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த ஒரு நாளையும் நீக்கிவிட்டது. அன்று முதல் தொழிலாளிக்கு ஆறு வாரம் முழுக் கூலி, முதலாளியின் கையிலிருந்தே, முதல் நாளிலிருந்தே. 1861-இல் குமாஸ்தா பெற்ற ஆறு வாரம் சம்மட்டி பிடித்தவனுக்கு வந்து சேர 109 ஆண்டுகள் ஆயின.

கதை அத்துடன் அடங்கிவிடவில்லை. 1996-இல் ஜெர்மன் அரசாங்கம் நோய்க்காலக் கூலியை நூற்றுக்கு எண்பதாகக் குறைத்தது. பெரிய மோட்டார்த் தொழிற்சாலைகளில் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். பல தொழில்களில் சங்கங்கள் ஒப்பந்தம் பேசி முழுக் கூலியைக் காத்துக்கொண்டன. 1999 ஜனவரியில் சட்டமும் பழையபடி நூற்றுக்குத் திரும்பிற்று. 2025 ஜனவரியில், அந்நாட்டின் மிகப் பெரிய காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தலைவர், நோயின் முதல் நாளுக்கு இனிச் சம்பளம் வேண்டாம் என்று யோசனை கூறினார். தொழிற்சங்கங்கள் உடனே எதிர்த்தன. அப்படிச் செய்தால் காய்ச்சல்காரர்கள் காய்ச்சலோடு வேலைக்கு வந்துவிடுவார்கள் என்பது அவை சொன்ன காரணங்களுள் ஒன்று.