மாப்பொருளும் நெல் விதையின் வரலாறும்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய கரையோர ஊர்களின் வரலாறு நெல் வட்டைகளின் வரலாறுமாகும். இங்கு 'வேளாண்மை' என்ற சொல்லே நெற்பயிரைக் குறிக்கும். 1949 இல் நிறுவப்பெற்ற கல்லோயா அபிவிருத்திச் சபையின் திட்டம் இவ்வட்டைகளுக்கு நீரளித்தமை பலரும் அறிந்ததே. ஆயின், நீரைப் போலவே விதையும் இக்கரையின் வாழ்வை மாற்றியமை அதிகம் பேசப்படுவதில்லை.

வெள்ளை அரிசியில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பங்கு மாப்பொருளாகும். அமைலோசு, அமைலோபெத்தின் என அது இருவகைப்படும். அமைலோசு மிக்க அரிசி உதிரியாகச் சமையும். குறைந்தது குழைந்து ஒட்டும். இலங்கை நெல்லினங்களிற் பெரும்பாலானவை முதல் வகையின. மணியில் அமைலோசை ஆக்கும் நொதியம் ஒரு பரம்பரையலகின் வழிப் பிறப்பது. அதனை அறியாமலே முன்னோர் சோற்றின் பதம் பார்த்து விதை தெரிந்தனர்.

தெரிவை அடுத்து வந்தது கலப்பு. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில், முருங்கக்காயன் 302 என்னும் உள்நாட்டினமும் இந்தோனேசியாவின் மஸ் இனமும் கலந்து பிறந்த எச் 4, 1958 இல் வெளியாயிற்று. 1966 இல் பிலிப்பைன்சிலிருந்து ஐ.ஆர். 8 என்னும் குறுந்தாள் நெல் வந்தது. உரமிட்டாலும் சாயாத அதன் தாள், வைக்கோலுக்குச் செல்லவிருந்த வளத்தை மணிக்குத் திருப்பியது. 1970 இல் பத்தலகொடவின் பீ.ஜி. 11-11 அவ்வழியிலேயே வந்தது.

இம்மாற்றங்களாற் பெருகியது மாப்பொருளின் அளவே, அதன் இயல்பன்று. இயல்பை மாற்றும் வித்தை பின்னரே கைவந்தது. 2006 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர், கிளையாக்கும் நொதியத்திற்குரிய பரம்பரையலகுகளை அடக்கி, கோதுமை மாப்பொருளில் அமைலோசை நூற்றுக்கு எழுபதுக்கு மேல் உயர்த்தினர். இத்தகைய மாப்பொருளில் ஒரு பகுதி சிறுகுடலிற் செரிப்பதில்லை. ஆதலின் நீரிழிவு மலிந்த இந்நாளில் அது கவனத்துக்குரியது.

எனினும், ஒவ்வொரு விதையும் தனக்குரிய விலையைக் கேட்கும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் நாட்டின் நெல் விளைச்சல் வீழ்ந்தது. குறுந்தாள் நெல்லின் விலை அன்று புலனாயிற்று. ஆயினும் எச் 4 இன் விதையை உழவன் தன் களத்திலிருந்தே எடுத்து மறுபோகம் விதைக்க முடிந்தது. பரம்பரையலகு மாற்றிய விதையோ காப்புரிமைக்கு உட்படக்கூடியது. எனவே, நாளை இவ்வட்டைகளுக்கு வரும் நெல் எத்தகைய சோறு தரும் என்பதோடு, அதன் விதை எவர் கையில் இருக்கும் என்பதையும் கேட்டறிதல் இக்கரையோர மக்களின் கடனாகும்.